விட்டுப்போன அடி

இருபது வருடம் சினிமாவுக்குப் பாட்டெழுதிய சுடலைக்கண்ணு, ஊர்ப் பாட்டுகளைத் தானே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதைக் கேட்டுவிட்டு அக்கா முக்கம்மாள் போன் செய்தாள்.

“எல்லாம் நல்லாருக்குல. அந்த நடவுப் பாட்டு யாரு கட்டுனதாம்?”

“போன தடவ ஊருக்கு வந்தப்ப வயல்ல பொம்பளைங்க பாடுனாங்கக்கா. யாருன்னு தெரியாதுன்னு போட்டுட்டேன்.”

“நான் கட்டுனதுதாம்ல. நீ மெட்ராஸுக்குப் போன வருசம்.”

“உன் பேரப் போடச் சொல்லுதேன்க்கா.”

“பேரு கெடக்கட்டும். அவளுக கடைசி அடிய விட்டுட்டாளுக.”

முக்கம்மாள் பாடினாள். வேலை கிடைக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் வீட்டுக்கு வந்துவிடு தம்பி என்றது அந்த அடி.

மெட்ராஸில் பட்டினி கிடந்த முதல் மூன்று வருடமும் ஊர்ப்பக்கம் போகாதவர் அவர்.

“இன்னொருக்கா பாடுக்கா” என்றார்.