பூனைக்கண்

"பிள்ளையின்ரை வலக் கண்ணுக்குள்ளை புற்றுநோய். கண்ணை எடுத்தால்தான் உயிரைக் காப்பாத்தலாம்," என்றார் கண் டொக்டர்.

மேர்சி மடியிலிருந்த ஒன்றரை வயது ரெஜினாவை இறுக அணைத்துக்கொண்டாள்.

"கைக்குழந்தையா இருக்கேக்கையே போட்டோவிலை பூனைக்கண் மாதிரி வெள்ளையா மினுங்கினது டொக்டர். காட்டுவம் எண்டு சொன்னனான். அது போன் வெளிச்சம் எண்டு இவர்தான் மறிச்சவர்."

பக்கத்திலிருந்த கணவன் ஜெரிசன் தலை நிமிரவில்லை.

"அப்பவே வந்திருந்தால் கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம். சிலருக்கு இது பரம்பரையா வாறது. உங்கடை குடும்பங்களிலை ஆருக்கும் இருந்ததோ?"

"இல்லை," என்றான் ஜெரிசன்.

டொக்டர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "தம்பி, உங்கடை இடக் கண் செயற்கைக் கண்தானே?"

"அது சின்ன வயசிலை சண்டைக்குள்ளை ஷெல் துண்டு பட்டது," என்றாள் மேர்சி. அவளுடைய ஊரான குருநகருக்குப் பெண் கேட்டு வந்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"காயப்பட்ட அடையாளம் ஒண்டும் இல்லையே. பிள்ளைக்காகவாவது உண்மையைச் சொல்லுங்கோ."

ஜெரிசன் விம்மினான். "எனக்கும் ரெண்டு வயசிலை இதுதான் வந்தது. சொன்னால் பொம்பிளை தரமாட்டினம் எண்டு வீட்டிலை மறைச்சுப்போட்டினம்."

"என்னை ஏமாத்தினது போகட்டும். பிள்ளையின்ரை கண் மினுங்கேக்கை உங்களுக்கு அது என்னெண்டு தெரியுந்தானே?"

அவன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"டொக்டர், என்ரை வயித்திலை இன்னொண்டு இருக்குது," என்றாள் மேர்சி. "பிறந்தவுடனை கண்ணைப் பாக்கவேணும். நான் தனியக் கொண்டுவாறன்."