உச்சியில் சொரிமுத்து

குடிக்கிற தண்ணீரின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் ஊர் சொரிமுத்துவுக்குப் பிறவியிலேயே பல்லியின் உள்ளங்கை. அது போதாதென்று, வருடம் முழுக்க வீட்டுத் தூணில் விளக்கெண்ணெய் தடவி ஏறிப் பழகினான். கண்ணன் பிறந்தநாளன்று, கீழே நின்றவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தும், வழுக்குமரத்தின் உச்சியை நாலே மூச்சில் தொட்டுவிட்டான். பரிசு முடிப்பை அவிழ்த்துக் கீழே போட்டான். ஆனால் இறங்கவில்லை.

“இந்தாரும், செயிச்சாச்சுல்லா? எறங்கும், சோறு ஆறுது” என்று அவன் மனைவி பேச்சித்தாய் கூப்பிட்டாள்.

“எறங்கினா அடுத்த வருசம் வேற எவனாவது ஏறிருவாம்ட்டி.”

“அதுக்கு? அங்கனயே குடியிருக்கப் போறீராக்கும்?”

அவன் காலை மாற்றிப் பின்னிக்கொண்டான். ஒரு சாண் சறுக்குவான், ஒரு சாண் ஏறுவான். மூன்று நாளில், உச்சியிலேயே இருப்பதற்காக மட்டும் அந்த மரத்தைப் போல நாற்பது மர உயரம் ஏறியிருந்தான். கண்ணை மூடவில்லை.

நாலாம் நாள் காலை பேச்சித்தாய் சேலையை வரிந்து கட்டி, உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு மரத்தைப் பிடித்தாள்.

“ஏட்டி, நீ வராத! வராதட்டி!” என்று மேலிருந்து அலறினான்.

அவள் பாதி மரம் வந்துவிட்டாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: தெருக்காரர்களுக்குள் சண்டை வந்ததால், சொரிமுத்து ஏறிய அந்த வருடம் எங்கள் ஊரில் வழுக்குமரமே நடவில்லை.