பத்தாவது பாட்டு

"நீ அனுப்பினதை ரெண்டு தடவை முழுசாக் கேட்டுட்டேன் ஓர்ரி. உன் ஆல்பத்துல நான் எங்கேயுமே இல்லையே."

"மெதுவாப் பேசு," என்றான் ஓர்ரி.

ஹெர்டிஸ் மெதுவாகப் பேசவில்லை. ஊர் நீச்சல் குளத்தின் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து, கம்பளித் தொப்பியைப் புருவத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஒலிபெருக்கி வேலை செய்யாத மேடையில் நிற்பவளைப் போலப் பேசினாள். தொப்பியின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

இருவரும் விவாகரத்து வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சனிக்கிழமைக் காலைகளில் ஒரே தொட்டியில் உட்காருவதில் அவர்களுக்கு ஒருநாளும் சங்கடம் இருந்ததில்லை.

"முதல் பாட்டு ரேடியோவுல வந்ததுலேர்ந்து பேக்கரியில எனக்கு மட்டும் நேத்துப் போட்ட பன்னை எடுத்துத் தர்றாங்க," என்றாள். "ஒரு நல்ல மனுஷனை இப்படி அழவெச்சுட்டேனாம். சரி, நம்ம பண்ணின பாவம்தானேன்னு உட்கார்ந்து ஒழுங்காக் கேட்டேன். பாத்தா, அது நான் இல்லை."

தொட்டியின் மூலையில் கண்ணை மூடியிருந்த கிழட்டுக் கப்பல் தலைவர், கண்ணைத் திறக்காமலே காதை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"அது பொதுவா எழுதினது," என்றான் ஓர்ரி. "மனசு உடையுது. அப்புறம் மெல்ல மெல்ல ஏத்துக்குது. ஒரு பயணம் மாதிரி."

"பயணமா? ஐயா, நாம பிரிஞ்சப்ப நீ ஒரே வாரத்துல எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்ட. சோபா யாருக்குங்கிறதுதான் நம்ம பெரிய சண்டை. அந்த சோபாவைப் பத்தி ஒரு வரிகூட இல்லை."

ஓர்ரி மோவாய்வரை நீருக்குள் இறங்கினான்.

அவளோ விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டாவது பாட்டுல, அவ ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணினாத்தான் நீ வாயையே திறக்கிற. நான் உனக்கு எப்பப்பா எண்ணிச் சொன்னேன்? அஞ்சாவதுல, நீ அவசரப்படும்போதெல்லாம் அவ உன்னை இழுத்துப் பிடிக்கிறா. நான் உன்னைவிட அவசரக்காரி. எல்லாத்துக்கும் மேல, அவ எப்பவும் உனக்குப் பின்னாடியே இருக்கா. முதுகுல ஒரு சூடு, முதுகுல ஒரு சத்தம், திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். நான் எங்கே பின்னாடி இருந்தேன்? நேரா முன்னாடி நின்னுதானே கத்தினேன்."

கப்பல் தலைவரின் மீசை லேசாக அசைந்தது.

"கொஞ்சம் மெதுவா," என்றான் ஓர்ரி மறுபடியும். அவன் பார்வை ஆவிக்கு அப்பால் எங்கோ போய்விட்டுத் திரும்பியது.

"யாரு அவ?"

கேலிதான். ஆனாலும் குரலின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஏதோ இருந்தது. பத்துப் பாட்டில் ஒன்றாவது தனக்கு இருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

ஓர்ரி முகத்தில் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டான்.

"சரி, அதை விடு. பத்தாவது பாட்டு. எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேன், நீ போய் நல்லா இருன்னு பாடுற. அழகாத்தான் இருக்கு. ஆனா அதுல மட்டும் டிரம்ஸைக் காணோமே, ஏன்? மத்த ஒன்பதுக்கும் ரெய்க்யாவிக்லேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வந்தீங்கதானே?"

"வேணும்னேதான் விட்டேன். அது ஏத்துக்கிட்டவனோட அமைதி."

"அமைதியா? மேசை செஞ்சுட்டுக் கால் வைக்க மறந்த மாதிரி இருக்கு."

ஓர்ரி சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"வந்த ஆள் அதுக்கும் வாசிச்சுப் பாத்தார்," என்றான் தண்ணீரைப் பார்த்தபடி. "நல்லாத்தான் வாசிச்சார். நான்தான் வேண்டாம்னுட்டேன். செவ்வாய்க்கிழமை இசைத்தட்டு அச்சுக்குப் போகுது. போயிடுச்சுன்னா அவ்வளவுதான், அது அப்படியேதான் இருக்கும்."

கப்பல் தலைவர் தொண்டையைச் செருமினார். கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

"பக்கத்துத் தொட்டியில தண்ணி நல்லாச் சூடா இருக்கு தம்பி," என்றார்.

ஹெர்டிஸ் அந்தப் பக்கம் திரும்பினாள். காற்று ஆவியைத் தள்ளிய இடத்தில், அடுத்த தொட்டியின் விளிம்பில், அகலமான ஒரு முதுகு தெரிந்தது.

ப்ராகி. பதினேழு வருடம் ஓர்ரியோடு மேடையேறியவன். எல்லா மேடையிலும் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, நாலு எண்ணிப் பாட்டைத் தொடங்கிவைத்து, டிரம்ஸ் வாசித்தவன். கோடை முடிந்த கையோடு "எனக்குப் போதும்" என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டுக் குழுவிலிருந்து விலகியவன். அன்றிலிருந்து ப்ராகி அந்தத் தொட்டி, ஓர்ரி இந்தத் தொட்டி. ஊர் முழுக்கக் கவனித்த விஷயம். ஹெர்டிஸ்தான், ஓர்ரி தன்னோடு பேசத்தான் இங்கே வந்து உட்காருகிறான் என்று நினைத்திருந்தாள்.

"அடப்பாவி," என்றாள். இப்போது மெதுவாக.

பிறகு தண்ணீருக்குள் காலை நீட்டி அவன் முழங்காலில் ஒரு உதை விட்டாள். வலிக்கிற உதை இல்லை.

ஓர்ரி எழுந்தான். ஈர உடம்பைக் குளிர் அப்படியே வந்து கவ்வியது. உறைந்த தரையில் வெறுங்காலோடு, விழுந்துவிடாமல் இருக்கக் கைகளை அகட்டிக்கொண்டு, வாத்து மாதிரி நடந்தான். ஹெர்டிஸ் சிரிக்கவில்லை.

அந்தத் தொட்டியில் சூடு நிஜமாகவே அதிகம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். ப்ராகி நிமிரவில்லை. ஆனால் நீட்டியிருந்த காலை மடக்கி இடம் விட்டான். அது யார் வந்தாலும் எல்லோரும் செய்கிற மரியாதை, அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

அவள் பேசியதெல்லாம் இங்கே எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கும் என்பது ஓர்ரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் எழுந்து வந்த தொட்டியில் கப்பல் தலைவர் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது.

"பத்தாவது பாட்டு ஃபோன்ல இருக்கு. உடை மாத்துற அறையில வெச்சிருக்கேன்," என்றான். "ப்ராகி, ஒரு தடவை கேட்டுப் பாக்கிறியா?"