மூணாவது ஓலை

"தடை இருக்கு சாமி!"

பூசை நடுவுல இப்படி ஒரு சத்தம். கோயிலே திரும்பிப் பார்த்துச்சு.

மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிச்சு, தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் கேக்குறது வழக்கம். யாரும் பதில் சொல்றதுதான் வழக்கமில்ல. அந்த நேரத்துல இருமல் வந்தாக்கூட அடக்கிக்குவாங்க, தடைன்னு எழுதிடப் போறாங்களேன்னு!

எழுந்து நின்னது யாருங்கிறீங்க? மாப்பிள்ளை ரெமிஜியஸைப் பெத்த பியாட்ரிஸ்!

நோயல் சாமியாருக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துடுச்சு. "என்னாம்மா தடை?"

"உங்ககிட்ட தனியா சொல்றேன் சாமி. இந்தக் கல்யாணம் வேணாம்."

கல்யாணப் பொண்ணு யூனிஸ் முக்காட்டை மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டா. ரெண்டாவது ஓலையிலேயே மொத புள்ளைக்குப் பேரு யோசிச்சு வச்சவ, பாவம்.

வெளிய வந்ததும் அவ அப்பன் ஓஸ்வால்ட் ஆரம்பிச்சாரு. பேண்டு செட்டுல பெரிய டிரம் அடிக்கிற ஆளு. வாயும் அதே சைஸு.

"அநியாயத்தைப் பார்த்தீங்களா! வேற எடத்துல கொழுத்த சீதனம் பேசிட்டா! எம் பொண்ணு பேரைக் கெடுத்துட்டாளே!"

"தாயா அவ? பேயி!"ன்னு பொம்பளைங்களும் தாளம் போட்டாங்க.

"நான் போயி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வர்றேம்பா"ன்னா யூனிஸ்.

"அந்த வாசப்படிய மிதிச்சே, காலை ஒடிச்சிடுவேன்! நமக்கு ரோசம் வேணாம்?"

ரோசம் அவளுக்கும் இருந்துச்சே. சாயங்காலம் அப்பன் பேண்டு வாசிக்கப் போனதும், பிளாக்பள்ளிச் சந்துல பியாட்ரிஸ் வீட்டுக்குப் போயி கதவைத் தட்டிட்டா.

"எங்கிட்ட என்னா கொறையைக் கண்டீங்க அத்தை?"

பியாட்ரிஸ் அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடந்தா.

"கொறை உங்கிட்ட இல்லடி கண்ணு. பதினஞ்சு வருஷம் மில்லுல சாயத்தொட்டியில நின்னவன் எம் பையன். ரெண்டு வருஷம் முந்தி மெட்ராசுல ஆபரேசன் ஆச்சே..."

"குடலிறக்கம்னு சொன்னீங்க?"

"பொய்யி. மூத்திரப்பையில புத்து. பையோட அக்கம்பக்கம் இருந்ததையும் சேர்த்து எடுத்துட்டாங்க. உசிரு பொழச்சுது. இனி இவனால பொண்டாட்டியோட வாழ முடியாது, புள்ளையும் பொறக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

யூனிஸ் அப்படியே கீழ உக்காந்துட்டா.

"அவரு... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லுடான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்னான். வெக்கம்டி அவனுக்கு. காலையிலேருந்து எம் மூஞ்சியில முழிக்காம எங்கயோ போயிட்டான். தெரிஞ்சு நீ கட்டிக்கிட்டா அது உம் மனசு. தெரியாம கட்டி வச்சா அது மோசம் இல்லையா?"

யூனிஸுக்கு இப்ப அழுகையோட கோவமும் வந்துச்சு.

"அதை எங்க வீட்டுல மெதுவா சொல்லியிருக்கலாமே அத்தை! அத்தினி பேரு முன்னால எங்கப்பாவைத் தலகுனிய வச்சிட்டீங்களே!"

பியாட்ரிஸ் முந்தானையால மூக்கைத் தொடச்சா.

"மொத ஓலைக்கு முந்தியே சொன்னேம்மா."

"யாருகிட்ட?"

"உங்கப்பாகிட்டதான். 'சீதனம் கேக்காம ஒருத்தன் வந்திருக்கான், கெடுத்துடாதே. புள்ள இல்லேன்னா ஊருல எம் பொண்ணைத்தான் மலடிம்பாங்க. உம் பையன் பேரு கெடாது, பயப்படாம போ'ன்னாரும்மா."