எதிர்ச்சுவர்

கண்காட்சிக் கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வருஷா வருஷம் அவள் ஓவியங்களுக்குத்தான். ஊர் ஓவியர் சங்கத்தைக் கட்டி மேய்ப்பவளும் அவள்தான். இந்த முறை அங்கே தம்பி மனைவி ஏணியில் நின்று தன் ஏரிப் படத்தை மாட்டுகிறாள். தூரிகை பிடித்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள். மாலை வெயில் அந்தத் தண்ணீரில் விழுகிறது. இத்தனை வருஷத்தில் அவள் படங்களை ஒருநாளும் திரும்பிப் பார்க்காத, கூடத்தில் நாற்காலி போடும் ஆட்கள், சுமையோடு நின்று பார்க்கிறார்கள். ஏணியடியில் நிற்கும் அவள், கையிலிருக்கும் துணியை முறுக்குகிறாள். "அண்ணி, நேரா இருக்கா?" நேராகத்தான் இருக்கிறது. "இல்லம்மா, வலது பக்கம் கொஞ்சம் இறக்கு." "இப்போ?" "இன்னும் கொஞ்சம்... ம், போதும்." "உங்க கண்ணு தப்பவே தப்பாது அண்ணி," என்று சிரித்தபடி தம்பி மனைவி இறங்குகிறாள். சட்டம் கோணலாகத் தொங்குகிறது. ஏரியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நாற்காலிக்காரர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.