மின்தடை நாள்

மின்விசிறி சுற்றுச் சுற்றாகத் தளர்ந்து நின்றது.

சுவரில் தினக்காலண்டரின் தாள் படபடப்பதை நிறுத்தியது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது.

அவள் சோபாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

ஷோகேஸின் மேல்தட்டில் கேமரா. வாசல் கதவைப் பார்த்த முகம். அதன் நெற்றியில் பச்சைப் புள்ளி.

அணையவில்லை.

"கரன்ட் போயிடுச்சுல்ல?" கேமராவுக்குள்ளிருந்து அவள் கணவனின் குரல் வந்தது. மஸ்கட்டில் அவனுக்கு இன்று விடுமுறை. "ஃபேன் நின்னுடுச்சு பாரு. ஆனா நீ தெரியுற. நல்லாவே தெரியுற."

சிரித்தான். வாங்கிய பொருள் வேலை செய்கிறது என்ற சந்தோஷம்.

அவளும் சிரித்தாள்.

மேலே, மாடிவீட்டில், கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

ஜெசிந்தா அக்கா கிளம்பிவிட்டாள்.

பக்கத்துத் தெருவில் யாரோ சங்கிலி அறுத்த வாரத்தில் இந்த கேமரா வந்தது. வந்த புதிதில் ஒருநாள் ஜெசிந்தா அக்கா இதே சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, உங்க வீட்ல இன்னைக்கு சமையல் இல்லையா?" என்றது ஷோகேஸ். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏன்டி, உன் வீட்டுக்காரர் இதுக்குள்ளயா குடியிருக்காரு?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பூண்டுத் தோலை முந்தானையில் அள்ளிக்கொண்டு போனவள்தான்.

அதன் பிறகு மாதத்தில் ஒருநாள் மட்டும் வந்தாள்.

பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள். வைஃபையும் கேமராவும் சேர்ந்தே அணையும். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். "ஐயா கண்ணசந்துட்டாரா?" என்று கேட்டபடி கதவு திறக்கும். இரண்டு டம்ளர் காபி.

பெரிதாக எதையும் அவர்கள் பேசிவிடவில்லை. முழங்கால் வலி. மீன் விலை. அக்காவின் மருமகன் சாம்பாரில் கறிவேப்பிலையைப் பொறுக்கி வரிசையாக அடுக்குகிற அழகு. சோபாவில் காலை மடக்கி உட்காரலாம். சத்தமாகச் சிரிக்கலாம். என்ன சிரிப்பு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதற்காகத்தான் மாதம் முழுவதும் காத்திருந்தாள்.

நேற்று மாலை கூரியரில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. "கரன்ட் போனாலும் வைஃபையும் கேமராவும் ஓடும். டிப்ஸ் வீடியோ ஒண்ணுல பார்த்தேன், உடனே ஆர்டர் போட்டுட்டேன்" என்றான். எந்த ஒயரை எங்கே சொருக வேண்டும் என்று வீடியோ காலில் அவன் சொன்னான். சொருகியது அவள்தான்.

ஒரே ராத்திரியில் அதில் சார்ஜ் ஏறியிருக்காது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஜெசிந்தா அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசல் கதவுக்குத் தாழும் போடவில்லை.

இப்போது எழுந்து தாழ் போடலாம். யார் வருகிறார்கள் என்று கேட்பான்.

படியில் செருப்புச் சத்தம். அக்காவின் முழங்காலுக்கு ஒவ்வொரு படியும் இரண்டு படி.

வழி ஒன்று இருந்தது.

முன்பு காய்ச்சலில் ஒருநாள் மின்விசிறியைக்கூடப் போடாமல் இங்கேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். பதில் சொல்லத் தெம்பில்லை. "சே, படம் நின்னுபோச்சு" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான்.

காய்ச்சல் போன பிறகும் அவள் அதை மறக்கவில்லை. ஆனால் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று அசைந்து அவளைக் காட்டிக்கொடுத்தது. மின்விசிறியின் நிழல். திரைச்சீலை. காலண்டர் தாள்.

இன்று எதுவும் அசையவில்லை.

கைகளை மடியில் வைத்தாள். முகத்தில் சிரிப்பை அப்படியே விட்டாள்.

"சாப்பிட்டியா?"

கண் இமைப்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. மூச்சும் தெரியாது.

"ஹலோ. உன்னைத்தான்."

வியர்வை காதோரமாக இறங்கிக் கழுத்துக்கு வந்தது. துடைக்கவில்லை. சிரித்த கன்னம் வலித்தது.

செருப்புச் சத்தம் படித்திருப்பத்தில் கொஞ்சம் நின்று, மறுபடி இறங்கியது.

"ஏய், கேக்குதா?"

கேட்டது.

"நேத்துதான் மாட்டுனது. அதுக்குள்ள ஹேங் ஆகுது பாரு. காசைப் புடுங்குறானுங்க."

டொக் என்றொரு சத்தம். குரல் போய்விட்டது.

பார்வையும் போயிற்றா என்று பச்சைப் புள்ளி சொல்லவில்லை.

அவள் அசையவில்லை.

கதவு திறந்தது. ஜெசிந்தா அக்கா, இரண்டு கையிலும் டம்ளர், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு.

"ஐயா கண்ண..."

அக்கா அவளைப் பார்த்தாள். எதிரே ஆள் வந்து நின்றும் மாறாத அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அவள் கண் போன வழியே ஷோகேஸைப் பார்த்தாள்.

மீதிச் சொல்லை விழுங்கினாள்.

திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் அவள் நினைத்தாள். அக்கா போகவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வாசலில். டம்ளர்களை ஏந்தியபடி எப்படி இருந்தாளோ அப்படியே நின்றுவிட்டாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காபியிலிருந்து ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது.