ஒன்பதாம் ஸ்தலம்

தவக்கால வெள்ளி. கோயில் ஜன்னலில் நுழைந்த சாயங்கால வெயில், இயேசு மூன்றாம் முறை விழுகிற படத்தின் மேல் மங்கிக்கொண்டிருக்கிறது. சிலுவைப்பாதையின் ஒன்பதாம் ஸ்தலத்தில் முழங்காலிட்ட கூட்டம் எழுந்து, பாடிக்கொண்டே அடுத்த படத்துக்கு நகர்கிறது. செசிலியால் மட்டும் எழ முடியவில்லை. ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் பகலெல்லாம் நின்ற கால்கள். தலையில் இன்னும் பஞ்சுத் தூசி. போன தவக்காலத்தில் கணவரை அடக்கம் செய்தபின் இன்றுதான் கோயிலுக்குள் வந்திருக்கிறாள், அதுவும் நாத்தனார் புஷ்பம் இழுத்து வந்ததால். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. புஷ்பம் திரும்பி வந்து குனிகிறாள். “எந்திரிங்க மைனி. மூணு தடவ விழுந்தும் அவரு எந்திரிச்சிட்டாருல்லா.” செசிலி தலையைத் தூக்காமலே சொல்கிறாள்: “அவருக்கு முப்பத்துமூணு வயசு. எனக்கு அம்பத்தெட்டு.” புஷ்பத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, முந்தானையால் வாயை மூடுகிறாள். அதைப் பார்த்துச் செசிலிக்கும் தோள் குலுங்குகிறது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று, கண்ணில் நீர் முட்டுகிறது. ஒரு கையைத் தரையில் ஊன்றி நிமிர்கையில் படத்தைப் பார்க்கிறாள். அவரும் அப்படித்தான் கையை ஊன்றியிருக்கிறார். ஒரு வருஷமாகத் தான் பேசாதிருந்த இயேசுவிடம் மெல்லச் சொல்கிறாள்: “நீரு முன்னால போயிட்டிரும். பின்னாலயே வாரேன்.”